வேலைக்கு ஆகாத விரல்

நெட்டுக்குப்பத்தில் இறால் உரிக்கிற பெண்களுக்குக் கைரேகை கிடையாது. நம்பாதவர்கள் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். விடிகாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து பதினொன்று வரை ஐஸ் தண்ணீரில் கையை விட்டு விட்டு எடுத்து, ஓடும் முள்ளும் கிழிக்கக் கிழிக்க உரித்தால், பத்து வருஷத்தில் விரல் நுனியெல்லாம் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று ஆகிவிடும். இதையெல்லாம் அறியாத எந்த மகராசனோ மேலே உட்கார்ந்துகொண்டு, ஆளை அடையாளம் காண விரல் ஒன்றே போதும் என்று முடிவு கட்டிவிட்டான். ரேஷன் கடையில் விரலை வை, பேங்கில் விரலை வை, சிம் கார்டு வாங்க விரலை வை. மங்கையும் வைப்பாள். மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டும். "துடைச்சிட்டு வைம்மா" என்பான் கடைக்காரன். துடைத்துவிட்டு வைப்பாள். மறுபடியும் சிவப்பு. "யோவ், நான் உசுரோடதான் கீறேன், உன் மிசினுக்குத்தான் அத்து தெரியல" என்று மங்கை கத்துவது மாதாமாதம் நடக்கிற கூத்து.

அவளுக்கு எதிரே உட்கார்ந்து அதே இறாலை உரிக்கிற பவானிக்கு மட்டும் இந்த வம்பு இல்லை. பவானி மங்கைக்கு ஓரகத்தி. மங்கையின் புருஷனுடைய தம்பி எத்திராஜைக் கட்டியவள். பவானிக்கு ஏழு வயதாக இருக்கும்போது, கரையேற்றி வைத்திருந்த படகு சரிந்து இடது கைச் சுண்டு விரலை நசுக்கிவிட்டது. எலும்பு கோணலாகவே சேர்ந்துகொண்டது. அந்த விரல் மடங்காது, எதையும் பிடிக்காது. மற்ற ஒன்பது விரல்களும் பாடுபட்டுத் தேய்ந்தபோது அது மட்டும் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தது. வேலைக்கு ஆகாத விரல் என்று அதற்கு வீட்டில் பெயரே வைத்திருந்தார்கள். அதில்தான் ரேகை அச்சடித்த மாதிரி இருந்தது. ரேஷன் கடையில் பவானி அதைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து வைப்பாள், மெஷின் பச்சை காட்டும். "பாத்தியாக்கா, வேலை செய்யாதவனுக்குத்தான் கவர்மெண்டுல மரியாதை" என்று சிரிப்பாள்.

மங்கைக்கு நாற்பத்தெட்டு வயது. புருஷனைக் கடலுக்குக் கொடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. பவானியின் இரண்டு பெண்களையும் தூக்கி வளர்த்தவள் அவள்தான். வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. இரண்டு வருஷமாக ஆற்று முகத்துவாரத்தில் இறால் தொளதொளவென்று செத்து மிதப்பதையும், ஆற்றில் இறங்கி வலை இழுத்தவர்கள் கால் முழுக்கக் கொப்புளத்தோடு கரையேறுவதையும் பார்த்துவிட்டு, ஆற்றங்கரையில் இருந்த கெமிக்கல் கம்பெனியின் குழாயைக் கையைக் காட்டிக் காட்டி எல்லா ஆபீஸ் வாசலிலும் கத்தியவளும் அவள்தான். ஒவ்வொரு ஆபீஸிலும் ஒரே பதில். ஆதாரம் இருக்கா?

ஆதாரம் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து இவர்களிடமே இறால் வாங்கிப் போய்க்கொண்டிருந்தது. நோயல் என்று பெயர். ராயபுரத்துக்காரன், முப்பது வயது, அந்தக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்டு முடிந்து போகும்போது ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு அரைக்கிலோ வாங்குவான். ஒரு சனிக்கிழமை மங்கை அவன் மூக்குக்கு நேராக ஒரு செத்த இறாலை நீட்டினாள். "மோந்து பாரு நைனா. உங்க கம்பெனி சென்ட்டு." அவன் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த சனிக்கிழமை வந்து, பையை நீட்டுகிற சாக்கில் குனிந்தான்.

"வியாழக்கிழமைன்னா காலைல நாலரைக்குக் குழாயத் தொறக்கச் சொல்றாங்கக்கா. வால்வைத் தொறக்குறதே நான்தான்."

இரண்டு பெண்களும் உரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"கோயிலுக்குப் போனேன், பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடலாம்னு. ஃபாதர் மூஞ்சப் பாத்து வாய் வர்ல. அவர்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போது? இறால் உங்களுதுதானே செத்துச்சு."

அவன் வீடியோ எடுத்து அனுப்பினான். ஒன்றல்ல, இரண்டு. ஒன்று ஊருக்குக் காட்ட, சத்தம் இல்லாதது. குழாயிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் ஆற்றில் இறங்குவது மட்டும் தெரியும். இன்னொன்று கம்பெனி மேல் கேஸ் போடும்போது கோர்ட்டில் காட்ட மட்டும். அதில் அவன் கை சக்கரத்தைத் திருகுவது தெரியும், பின்னாலிருந்து சூப்பர்வைசர், "இன்னும் தொற நோயலு, விடியறதுக்குள்ள முடிச்சிரணும்" என்று சொல்வதும் கேட்கும். அந்தக் குரல் இல்லாமல் கேஸ் நிற்காது. அந்தக் குரல் வெளியே போனால் நோயல் நிற்க மாட்டான்.

அனுப்புவதற்கு முன்னால் அவன் இவர்களுக்கு ஒரு பாடமே நடத்தினான். "இந்த ஆப்புல அனுப்புனா நடுவுல நிக்குறவன் எவனும் படிக்க முடியாதுக்கா. கம்பெனிக்குத் தெரியாது, கவர்மெண்டுக்குத் தெரியாது, ஆப்ப செஞ்சவனுக்கே தெரியாது. நான் இந்தாண்ட பூட்டி அனுப்புவேன், உங்க போன்ல மட்டும்தான் தொறக்கும்."

"போனே அவன் கைக்குப் போச்சுன்னா?" என்று கேட்டாள் மங்கை.

"அதுக்குத்தான் போனுக்கு ஒரு பூட்டு போடச் சொல்றேன்."

அந்தச் சமயம் டிவியில் இதே பேச்சாகத்தான் இருந்தது. கோட்டுப் போட்ட நாலு பேர் உட்கார்ந்து, இந்தப் பூட்டுக்கெல்லாம் அரசாங்கத்திடம் ஒரு சாவி இருக்க வேண்டுமா வேண்டாமா என்று அடித்துக்கொண்டார்கள். நல்லவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது என்றார் ஒருவர். மங்கை சோற்றுக் கையோடு டிவியைப் பார்த்து, "அப்போ உன் வூட்டு பாத்ரூமுக்குக் கதவு எதுக்குடா?" என்றாள். பவானிக்குப் புரை ஏறிவிட்டது.

போனுக்குப் பூட்டுப் போட இரண்டு பேரும் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு செல்போன் கடைக்குப் போனார்கள். கடைக்காரன் முதலில் ஒரு நம்பர் போடச் சொன்னான். மங்கை முதுகைத் திருப்பிக்கொண்டு போட்டாள். என்ன நம்பர் என்று பவானிக்குக்கூடச் சொல்லவில்லை. அப்புறம் விரல். பத்து விரலும் வைத்துப் பார்த்தாகிவிட்டது, ஒன்றையும் போன் ஏற்றுக்கொள்ளவில்லை. "விரல் வேணாம்னா உட்ருங்க, நம்பரே போதும்" என்றான் கடைக்காரன். மங்கைக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊரில் எல்லோரும் தொட்டுத் திறக்கிற போனை, காசு கொடுத்து வாங்கியவள் தொட்டால் திறக்காதா? மேலும், ஈரக் கையோடு நம்பர் அழுத்தினால் ஒன்றுக்கு மூன்றாக விழுகிறது. "எங்க வூட்டுல ஒரு சோம்பேறி விரல் கீது, அத வெச்சிக்கோ" என்று பவானியின் இடது கையைப் பிடித்து இழுத்தாள். சுண்டு விரலைச் சாய்த்து வைத்ததும் போன் 'டிங்' என்றது. கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. மங்கைக்குப் போன் வேண்டும் என்றால், "ஏ பவானி, விரலைக் குடு" என்று ஒரு குரல். பவானி கத்தியை வைத்துவிட்டு, இடது கையை முந்தானையில் துடைத்து, எதிரே சாய்ந்து சுண்டு விரலை வைப்பாள். மீன் சந்தை முழுக்க இது தெரியும். மங்கை போனுக்குப் பவானி சாவி என்று கேலி செய்வார்கள். நோயல் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ நீங்களும் ஒரு பூட்டுதான் பவானிக்கா" என்றான். அவன் பெண்டாட்டி டெபோராவுக்கு அப்போது ஏழாவது மாசம். "என் வேலை போனா போவுது. உள்ள வெச்சிட்டாங்கன்னா அவளுக்கு யாரும் இல்லக்கா." பவானி ஈரக் கையோடு தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். "கடல் சாட்சியா சொல்றேன், உன் பேரு எங்க கைலேர்ந்து போவாது."

சத்தமில்லாத வீடியோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மங்கையின் போனிலிருந்து வெளியே போனது. இரண்டே நாளில் ஊரெல்லாம் பார்த்துவிட்டது. குழாயை மூடுவார்கள், அதிகாரிகள் வருவார்கள் என்று குப்பத்தில் எதிர்பார்த்தார்கள். வந்தது போலீஸ். கம்பெனி புகார் கொடுத்திருந்தது: தொழிற்சாலைக்குள் அனுமதியில்லாமல் படம் பிடித்தது, வதந்தி பரப்பியது, இன்னும் வாயில் நுழையாத என்னென்னவோ. ஆற்றில் விஷத்தை ஊற்றியவனைத் தேடி ஒருவரும் வரவில்லை, ஊற்றுவதைக் காட்டியவன் யார் என்று தேடி ஒரு ஜீப்பே வந்தது. என்ன நியாயமோ, போங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. ஜீப்பிலிருந்து இறங்கிய சப்-இன்ஸ்பெக்டர் பெயர் அன்புக்கரசி. தெற்கத்திப் பெண். கத்த மாட்டாள், கெட்ட வார்த்தை பேச மாட்டாள், இறால் தண்ணீர் பூட்ஸில் படாமல் பார்த்து நடந்து வந்தாள். "மங்கைங்கிறது யாரும்மா? போனை எடுத்துக்கிட்டு வாங்க, ஒரு விசாரணை" என்றாள். மங்கை ஜீப்பில் ஏறும்போது பவானியைத் திரும்பிப் பார்த்தாள். ஊரையே கூட்டுகிறவள் அன்றைக்கு ஒரு சத்தம் போடாமல் போனாள்.

எத்திராஜ் அண்ணியைத் தேடி ஸ்டேஷனுக்கு ஓடினான். நல்ல மனுஷன். கடலில் எந்தக் காற்றுக்கும் பயப்பட மாட்டான், கரையில் காக்கிச் சட்டையைக் கண்டால் கைலியை இறக்கிவிட்டுக் கும்பிடுவான். பகல் ஒரு மணிக்கு வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து, ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டுத்தான் பேசினான்.

"ஒண்ணும் பேஜாரு இல்ல பவானி. அண்ணி சாயங்காலம் வூட்டுக்கு வந்துரும்."

"எப்டி?"

"நம்பர் இன்னான்னு கேட்டுகினே கீறாங்க. அண்ணி வாயத் தொறக்கல. கைய வெச்சு வெச்சு அமுக்குறாங்க, அதுவும் தொறக்கல. டபாய்க்கிறியான்னு கேட்டு ஒரு லேடி கான்ஸ்டபிள் பளார்னு உட்டா. என் கண்ணு முன்னால பவானி. எனக்கு மனசு கேக்கல. அத்த அடிக்காதம்மா, அது அண்ணி விரலு இல்ல, எம் பொண்டாட்டி சுண்டு விரலுன்னு சொல்ட்டேன்."

பவானி அவனையே பார்த்தாள்.

"சொல்ட்டியா?"

"நாலு மணிக்கு உன்ன இட்டுகினு வரச் சொன்னாங்க. ஒரே ஒரு வாட்டி வெச்சா போதுமாம். ஆறு மணிக்கு மேல பொம்பளைய வெச்சிருக்கக் கூடாதாம், கையோட அனுப்பிர்றேன்னு அந்த மேடமே சொன்னாங்க. நல்லவங்களாத்தான் தெரியுது."

நுணல் தன் வாயால்தான் கெடும். இந்த நுணல் இன்னொருவனைக் கெடுத்துவிட்டு வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பவானிக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவன் தலையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"அந்தப் போன்ல நோயல் தம்பி கீது. தெரியுமா உனக்கு?"

"தெரியும். அதுக்கு? நம்ப அண்ணி வாங்குன அடி அவுரு வந்து வாங்குவாரா? அவுரு யாரு, நாம யாரு? நாளைக்கு என் படகு லைசென்ஸுல கைய வெச்சாங்கன்னா நீயும் உன் பசங்களும் இன்னாத்தத் துன்னுவீங்க?"

கடல் சாட்சியாக என்று சொன்னதெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் செல்லுமா? பவானி தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். நம்பர் என்றால் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம், அடித்தாலும் அழுத்தமாக இருக்கலாம், மங்கை அப்படித்தான் இருந்தாள். விரலுக்கு ஏது வாய்? இரண்டு பேர் பிடித்து அழுத்தினால் வேலை தீர்ந்தது. அவள் வர மாட்டேன் என்றால் ஜீப் வரும். ஓடிப்போனால் மங்கைக்கு இன்னும் நாலு அறை விழும். எப்படிப் பார்த்தாலும் நாலு மணிக்கு இந்த விரல் அந்தப் போன்மேல் இருக்கப்போகிறது.

எத்திராஜ் சாப்பிட உட்கார்ந்ததும் அவள் வீட்டுக்குப் பின்னால் போனாள். கத்தி தீட்டுகிற சாணைக்கல் அங்கேதான் இருந்தது. வெட்டிக்கொண்டால் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இந்தத் தொழிலில் கத்தி படாத நாள் ஏது? வெட்டுக்காயம் ஆறினால் ரேகை பழையபடி வந்து சேர்ந்துகொள்ளும். ரேகையை அழிப்பது தேய்மானம் ஒன்றுதான். முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். கல்லில் தண்ணீர் ஊற்றி, சுண்டு விரலின் நுனியை வைத்து, வலது உள்ளங்கையால் அழுத்தி முன்னும் பின்னும் இழுத்தாள். முதல் நாலைந்து தடவை தோல் மட்டும் சூடானது. அப்புறம் கல் சிவந்தது. சாய்த்து வைத்தால் பக்கவாட்டு ரேகையும் தெரியுமே என்று பக்கவாட்டிலும் தேய்த்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, மூக்கில் ஒழுகியது, கையை மட்டும் எடுக்கவில்லை. ஒன்பது விரலுக்குப் பத்து வருஷம் ஆன வேலையை இந்த ஒரு விரலுக்கு அரைமணி நேரத்தில் முடித்தாள்.

தண்ணீர் கேட்டு வந்த எத்திராஜ் பின்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். "அடிப் பாவி! பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு?"

"மஞ்சத்தூள் எடுத்துகினு வா" என்றாள் பவானி. "கேட்டா கத்தி வழுக்கிச்சுன்னு சொல்லு. அதுக்காச்சும் உன் வாய வெச்சிக்கோ."

நாலு மணிக்கு ஸ்டேஷனில் அந்தப் போன் மேஜை மேல் சார்ஜில் கிடந்தது. அணைந்துவிட்டால் விரலை ஏற்காது, நம்பர்தான் கேட்கும் என்று கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பையன் அதைக் காவல் காத்துக்கொண்டிருந்தான். மங்கை பக்கத்து அறையில் இருந்தாள். பாதி திறந்த கதவு வழியாக அவள் புடவையின் நுனி மட்டும் தெரிந்தது.

அன்புக்கரசி பவானியின் கைக்கட்டைப் பார்த்தாள். எத்திராஜ் முந்திக்கொண்டு, "கத்தி வழுக்கிச்சு மேடம்" என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கட்டைப் பிரிக்கச் சொன்னாள். பவானி பிரித்தாள். துணி ஒட்டிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டர் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வை" என்றாள் அன்புக்கரசி.

பவானி வைத்தாள். போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார்கள். போன் கண்ணாடியில் ரத்தமும் மஞ்சளும் ஒட்டியதே தவிர வேறு ஒன்றும் நடக்கவில்லை. "போதும் மேடம், இதுக்கு மேல வெச்சா விரலே எடுக்காது, லாக் ஆயிரும்" என்றான் பையன். பவானிக்கு வலியெல்லாம் எங்கேயோ போய்விட்டது. நெஞ்சுக்குள் ஒரு குதியாட்டம். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

அன்புக்கரசி கோபப்படவில்லை. பவானியின் மணிக்கட்டைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "கத்தி பட்டா இப்படி இருக்காதும்மா. கல்லுப் பொடி ஒட்டியிருக்கு பாரு. எங்க அப்பா கொத்தனார், எனக்குத் தெரியாதா?" அவள் குரலில் உண்மையாகவே ஒரு பரிதாபம் இருந்தது. "எத்தனை பிள்ளைங்க?"

"ரெண்டு பொண்ணு."

"படிக்குதுங்களா?"

"படிக்குதுங்க."

"எழுந்து வா."

மணிக்கட்டை விடாமல் பவானியைப் பக்கத்து அறை வாசலுக்கு அழைத்துப் போனாள். மங்கை தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பவானியைப் பார்த்ததும் முதலில் முறைத்தாள், ஏன் வந்தாய் என்கிற மாதிரி. அன்புக்கரசி பவானியின் கையை உயர்த்தி, விளக்குக்கு நேரே நீட்டிப் பிடித்தாள்.

"பார்த்துக்கம்மா. நீ பேசாததுக்கு இவ பண்ணிட்டு வந்த வேலை. நீ செஞ்சதுக்குக்கூட ஜாமீன் உண்டு. இது வேற. தடயத்தை அழிக்கிறது, போலீஸை ஏமாத்துறது, நான் இப்போ எழுத ஆரம்பிச்சா இவளும் இன்னைக்கே உள்ள. இந்தக் கையோட. புண்ணு சீழ் பிடிச்சாலும் அங்க பார்க்க ஆள் கிடையாது. சின்னப் பொண்ணுங்க ரெண்டு இருக்காமே? எழுதட்டுமா, நம்பர் சொல்றியா?"

"சொல்லாதக்கா!" என்று கத்தினாள் பவானி. "எனக்கு ஒண்ணும் இல்ல, சத்தியமா வலிக்கவே இல்ல, சொல்லாத!"

மங்கை அவள் பேச்சைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நுனி என்று ஒன்றே இல்லாமல் சிவப்பாக இருந்தது. ரத்தம் சொட்டு சொட்டாக அன்புக்கரசியின் காக்கிக் கைமடிப்பில் இறங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அறைக்கும் மிரட்டலுக்கும் அசையாதவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"வேலைக்கு ஆகாத விரல்னு சொல்லிகினே இருந்தேனே" என்றாள். "அத்த போய் ஏன்டி தேச்சே? இன்னாடி பண்ணிட்டே..."

அழுதுகொண்டே நாலு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பையன் அழுத்தினான். போன் திறந்துகொண்டது.

அன்புக்கரசி ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுப் பவானியின் கைக்கு மருந்து போடச் சொன்னாள். போகும்போது, "விரல் திறக்கலைன்னு நினைச்சுக்காத. உன் விரல்தான் திறந்தது" என்றாள். திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. அதுதான் பவானியை எரித்தது. அடுத்த அறையில் பையன் வீடியோவை ஓடவிட்டான். இன்னும் தொற நோயலு, விடியறதுக்குள்ள முடிச்சிரணும். சத்தமாகவே வைத்திருந்தான்.

ஆறு மணிக்கு முன்னால் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மட்டும் அன்புக்கரசி சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள், பவானி மேல் கேஸ் எழுதவில்லை. மங்கையின் போனைத் தரவில்லை, அது சாட்சியாம். அதில் மங்கையின் புருஷன் படமும் இருந்தது, பவானியின் பெண்கள் பல் விழுந்து சிரிக்கிற படங்களும் இருந்தன, அவள் சீட்டு கட்டுகிறவர்களோடு பேசியதெல்லாம் இருந்தது. எல்லாவற்றையும் எவனோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தபோது மங்கைக்கு நடுத்தெருவில் துணி மாற்றிய மாதிரி கூசியது.

அன்றிரவே நோயலுக்குச் சொல்லி அனுப்பப் பார்த்தார்கள். அவன் நம்பர் அந்தப் போனில்தான் இருந்தது. எத்திராஜ் கடைசி பஸ் பிடித்து ராயபுரம் போய், கோயிலைச் சுற்றி நாலு தெருவில் நோயல் வீடு எது என்று விசாரித்து அலைந்தான். ராயபுரத்தில் நோயல்களுக்கா பஞ்சம்? செய்த தப்புக்குப் பரிகாரமாக விடியும்வரை அலைந்துவிட்டு, காலையில் ஷிப்டு மாறும் நேரத்துக்குக் கம்பெனி கேட்டுக்கு ஓடினான். ஜீப் அவனுக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தது.

நோயலைப் புழல் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். கம்பெனியின் ரகசியத்தைத் திருடினான், அவனே வேண்டுமென்று வால்வைத் திறந்து கம்பெனிக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தான் என்று கேஸ். வீடியோவில் தெரிவது அவன் கைதானே? சூப்பர்வைசர் குரலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வியாழக்கிழமை நாலரைக்குக் குழாய் திறந்தது. திங்கட்கிழமையும் திறந்தது. இப்போது படம் பிடிக்க ஆள் இல்லை.

மங்கையும் பவானியும் பழையபடி எதிரெதிரே உட்கார்ந்து இறால் உரித்தார்கள். நான் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று மங்கை ஒருமுறை ஆரம்பித்தாள், நான் தேய்க்காமல் இருந்திருந்தால் என்று பவானியும் கூடவே ஆரம்பித்தாள், இரண்டு பேரும் பாதியில் நிறுத்திவிட்டார்கள். யார் குற்றம் என்று பிரிக்க முடியாதபடி அது பின்னிக்கொண்டு கிடந்தது. மாதம் பிறந்து ரேஷன் கடைக்குப் போனபோது மெஷின் பவானிக்கும் சிவப்பைக் காட்டியது. "துடைச்சிட்டு வைம்மா" என்றான் கடைக்காரன். வரிசையில் பின்னால் நின்ற மங்கை அன்றைக்குக் கத்தவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை, வெயில் ஏறுகிற நேரத்தில், நோயல் வழக்கமாக நிற்கிற இடத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். நிறைமாதம். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் நோயல் கொண்டுவருகிற அதே நீலப் பையை வைத்திருந்தாள். கேட்காமலே யார் என்று தெரிந்துவிட்டது. காறித் துப்பத்தான் வந்திருக்கிறாள் என்று பவானி நினைத்தாள். துப்பட்டும், துப்பினால் தேவலை என்றும் நினைத்தாள்.

"மங்கையக்கா, பவானியக்கா நீங்கதானா?" என்றாள் அவள். "நான் டெபோரா. நேத்து அவர மனு போட்டுப் பார்த்துட்டு வந்தேன். கம்பிக்கு அந்தாண்ட நின்னுகினு மொத வார்த்தையே உங்களப் பத்திதான் கேட்டாரு."

மங்கை தலையைக் குனிந்துகொண்டாள். கத்தி கையிலேயே நின்றது.

"போன் அவங்களுக்கு எப்படித் தொறந்துச்சோ தெரியல, பாவம் அக்காங்களப் போட்டு அடிச்சிருப்பாங்க, கைய கிய்ய ஒடச்சாங்களோ இன்னாவோன்னு பொலம்பிகினே கீறாரு. துன்றதும் இல்ல, தூங்குறதும் இல்ல. நேரா போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுன்னாரு. உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆவலியே?"

பவானியின் இடது கை அவள் பேச ஆரம்பித்தபோதே ஐஸ் தொட்டிக்குள் போயிருந்தது. புதுத்தோல் இன்னும் சரியாக மூடாத விரல். ஐஸும் உப்பும் பட்டு உச்சந்தலை வரை இழுத்தது. அவள் கையை இன்னும் ஆழமாக உள்ளே விட்டுக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆவல டெபோரா" என்றாள். "நாங்க நல்லாத்தான் கீறோம்னு சொல்லு."

டெபோராவின் முகம் தெளிந்தது. "மாதாவே" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். மங்கை நல்ல இறாலாகப் பார்த்துப் பொறுக்கி, உரித்து, நீலப் பையில் போட்டுக் கொடுத்தாள். டெபோரா பஸ் ஸ்டாப்பை நோக்கி மெல்ல நடந்து போனாள். நடுவில் ஒருமுறை திரும்பிக் கையை ஆட்டினாள். பவானி வலது கையை ஆட்டினாள். அவள் பஸ் ஏறிப் போகும்வரை இடது கையை ஐஸிலிருந்து எடுக்கவில்லை.